இவிடெ வோட்டுண்டோ?

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போன் பண்ணுவார். காபி குடித்து, பேப்பரை முழுசாகப் படித்து முடித்த பிறகு. அன்றைக்குச் சனிக்கிழமை, 2025 டிசம்பர் 20. சனிக்கிழமை போன் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பதறிக்கொண்டு எடுத்தேன்.

"உன் பேரைக் காணும்டா."

"எதுலப்பா?"

"லிஸ்ட்ல. எம் பேரு இருக்கு, உங்கம்மா பேரு இருக்கு. உன் பேரு, மருமக பேரு ரெண்டையும் எடுத்துட்டாங்க."

விஷயம் இதுதான். தேர்தல் ஆணையம் 2025 நவம்பரில் தமிழ்நாடு, கேரளம் உட்படப் பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று ஒன்றை ஆரம்பித்தது. எல்லோர் வாயிலும் எஸ்.ஐ.ஆர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வந்தது. விடுபட்ட பெயர்கள் சுமார் 97 லட்சம். அதில் செத்துப்போனவர்களை விட இடம் மாறிப் போனவர்களும், வீட்டில் ஆளே இல்லாதவர்களும்தான் அதிகம்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். படிவத்தோடு வந்த அம்மாவிடம் அப்பா உண்மையைச் சொல்லியிருக்கிறார். "பையன் திருவனந்தபுரத்துல குடும்பத்தோட இருக்கான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான்." அவ்வளவுதான். அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். என் ஊர், என் தெரு, என் தாத்தா கட்டிய வீடு. என் பெயரை அடிக்க இவர்கள் யார்? அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்துகொண்டே கத்தினேன். தங்கமணி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"பதினோரு வருஷமா இங்கதான் தண்ணி குடிக்கிறோம், இங்கதான் குப்பை கொட்டுறோம், பையன் இங்கதான் படிக்கிறான். ஓட்டு மட்டும் எதுக்கு அறந்தாங்கியில?"

பதில் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

என்னை மாதிரிப் பொட்டி தட்டுகிறவர்கள், சாலை பஜாரில் கடை வைத்திருப்பவர்கள், ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று இந்த ஊரில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் இந்த ஊர்க்காரர்கள், இங்கேயே ஓட்டுப் போடுகிறவர்கள். நான் சொல்வது நம்மை. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை ஊரிலும் வைத்துக்கொண்டு, ஓட்டை மட்டும் ஊர்ப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற நம்மை.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அது தப்பு. சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு, நம் சொந்த லாப நஷ்டக் கணக்கிலும் தப்பு.

முதலில் நஷ்டக் கணக்கு

2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். தெற்றியாறு பொங்கி, டெக்னோபார்க் பக்கமெல்லாம் வெள்ளம். கழக்கூட்டத்தில் நாங்கள் இருந்தது தரைத்தள வாடகை வீடு. முழங்கால் வரை தண்ணீர். வாஷிங் மெஷின் போச்சு, பையனின் புத்தகங்கள் போச்சு, கல்யாண ஆல்பம் போச்சு.

தண்ணீர் வடிந்த பிறகு நோட்டுப் புத்தகத்தோடு ஒருத்தர் தெருவுக்கு வந்தார். கட்சிக்காரர். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. வீடு வீடாக ஓடை அடைப்பு, சேதம் எல்லாம் கேட்டு எழுதினார். என் முறை வந்தது. விலாவாரியாகச் சொன்னேன். பேனாவை மூடாமல் கேட்டார்:

"இவிடெ வோட்டுண்டோ சாரே?"

"இல்ல சேட்டா, நாட்டிலாணு."

"ஓ." அவ்வளவுதான். மரியாதைக்குறைவாக ஒன்றுமே பேசவில்லை. என் பெயரையும் எழுதிக்கொண்டார், கடைசிப் பக்கத்தில். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மாவுக்கு இரண்டு மாதத்தில் வாசல் ஓடைக்கு சிமெண்ட் மூடி வந்தது. அது அவர் வீட்டு எல்லையோடு நின்றது. அந்த மூடி முடிகிற இடத்திலிருந்து என் வாசல் ஆரம்பம் :-)

அந்த மனிதரைத் திட்டி என்ன பயன்? ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கை கூப்பி நிற்க வேண்டிய வீடு எது, நிற்கத் தேவையில்லாத வீடு எது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் நான் இல்லை. என்னை இல்லாமல் ஆக்கியது அவர் அல்ல, நான்தான்.

2025 டிசம்பர் 9 அன்று இந்த நகரத்துக்கு மாநகராட்சித் தேர்தல். 101 வார்டு. எங்கள் தெருவில் நாலு பேர் கூடினால் அரசியல்தான். நான் மட்டும் ஆபீசில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். முடிவு என்ன? பாஜக கூட்டணி 50, இடது முன்னணி 29, ஐக்கிய முன்னணி 19, சுயேச்சைகள் 2. ஒரு வார்டில் வேட்பாளர் இறந்துபோனதால் அன்றைக்கு ஓட்டுப்பதிவே இல்லை. பெரும்பான்மைக்கு 51 வேண்டும். கையில் 50! ஒரு சுயேச்சையின் ஆதரவோடு 51 ஓட்டு வாங்கி மேயர் வந்தார். எந்தக் கட்சி வந்தது என்பதில் உங்களுக்கு சந்தோஷமோ வருத்தமோ இருக்கலாம். நான் பார்ப்பது அந்த ஒற்றை இடத்தை. ஒரு மாநகராட்சியே ஒரு வார்டில் தொங்குகிறது. அதில் ஒரு வார்டில் நான் குடியிருக்கிறேன், ஆனால் வாக்காளன் இல்லை. பதினொரு நாள் கழித்து அப்பாவின் போன். ஆக, இந்தியாவில் எந்தப் பட்டியலிலும் என் பெயர் இல்லை.

ஒரு ஓடை, மூன்று சர்க்கார்

"அட, வார்டு கவுன்சிலர்தானே! முதல்வர், பிரதமர் யார் என்பதுதானே பெரிசு" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத் தம்பானூர் வரை ஒரு நடை போய் வருவோம்.

ஆமையிழஞ்சான் தோடு என்று ஒரு கால்வாய். நகரத்தின் நடுவே ஓடி, தம்பானூரில் ரயில் நிலையத் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் இருட்டுக் குகை மாதிரி போகிறது. 2024 ஜூலை 13 அன்று அதில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடிய பிறகு உடல்தான் கிடைத்தது. அன்றாடக் கூலிக்கு இறங்கியவர்.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். தண்டவாளத்துக்கு அடியில் இருப்பது ரயில்வே இடம், அவர்கள்தான் சுத்தம் செய்யவேண்டும் என்றது மாநகராட்சி. குப்பை எங்களுடையது அல்ல, ஊரிலிருந்து வருவது என்றது ரயில்வே. கால்வாய் மாநில நீர்ப்பாசனத் துறைக்குச் சம்பந்தப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டாட்சி என்று பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தோமே, அது இந்த ஓடையில் நாற்றத்தோடு கிடக்கிறது. ரயில்வே டில்லிக்கு, நீர்ப்பாசனம் மாநிலத்துக்கு, குப்பை மாநகராட்சிக்கு. ஒரே தண்ணீர், மூன்று சர்க்கார்.

மூன்றையும் கேள்வி கேட்க வேண்டுமென்றால் மூன்று ஓட்டும் வேண்டும். ரயில்வேயைப் பற்றி மக்களவையில் கேட்க எம்பி. நீர்ப்பாசனத் துறையைச் சட்டசபையில் பிடிக்க எம்எல்ஏ. குப்பைக்குக் கவுன்சிலர். அறந்தாங்கி எம்எல்ஏ எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தம்பானூர் ஓடையைப் பற்றித் திருவனந்தபுரம் சட்டசபையில் வாய் திறக்க முடியாது. அவர் இருப்பது வேறு சபையில்.

இதே குப்பை விஷயத்தில் ஓட்டு உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்துக் குப்பையெல்லாம் விளப்பில்சாலை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் அழுக்குத் தண்ணீரும் தாங்காமல் 2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்து ஆலைக்குப் பூட்டுப் போட்டது. மாநகராட்சி முயன்றது, கோர்ட் உத்தரவு வந்தது, போலீஸ் வந்தது. ஜனங்கள் ரோட்டில் படுத்தார்கள். ஆலை திறக்கவே இல்லை. தலைநகரத்தைத் தடுத்து நிறுத்தியது ஒரு பஞ்சாயத்து. ஏனென்றால் அங்கே குடியிருந்தவர்களும் அங்கே ஓட்டுப் போட்டவர்களும் ஒரே ஆட்கள். பஞ்சாயத்து மெம்பர்களால் அவர்களை மீற முடியவில்லை. வாடகைக்கு இருக்கும் நம்மைப் போன்றவர்கள் மட்டுமே அங்கே இருந்திருந்தால், இன்றைக்கும் அங்கே லாரி போய்க்கொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பிரிவு 19: வயது வந்தவர், ஒரு தொகுதியில் சாதாரணமாகக் குடியிருந்தால் அங்கே வாக்காளர். பிரிவு 20 இன்னும் தெளிவு: ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போயிருந்தால் உரிமை போகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சரி, பதினோரு வருடம் தற்காலிகமா? என்னால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. பிரிவு 17-இன்படி இரண்டு தொகுதியில் பெயர் இருக்கவே கூடாது. இதில் பொய் உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31-இல் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

எஸ்.ஐ.ஆரில் ஊரிலேயே இருப்பவர் பெயர் விடுபட்டிருந்தால் விடவே கூடாது, சண்டை போட்டே ஆகவேண்டும். ஆனால் என் கேஸ் அது இல்லை.

சட்டத்தை விடுங்கள், அதன் பின்னால் உள்ள நியாயத்தைப் பாருங்கள். நாம் முதல்வருக்கோ பிரதமருக்கோ ஓட்டுப் போடுவதில்லை. ஒரு இடத்துக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து சபைக்கு அனுப்புகிறோம். சபையில் பெரும்பான்மை கை யாருக்குத் தூக்குகிறதோ அவர் ஆட்சி. பிரதிநிதித்துவம் இடத்துக்குத்தான், சாதி சனத்துக்கு அல்ல. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் ஒருத்தன், உப்பு பார்க்கிறவன் இன்னொருத்தன் என்றால் சாம்பார் எப்படி உருப்படும்?

இதில் ஒரு பாவமன்னிப்பும் பாக்கி. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். எங்கள் ஊராட்சியில் சொந்தக்காரர் ஒருத்தர் நின்றார். "வந்து ஒரு குத்து குத்திட்டுப் போப்பா" என்றார். நானும் ரயில் ஏறிப் போனேன். என்னைப் போலவே சென்னை, பெங்களூர், திருப்பூர் என்று வெளியூரிலிருந்து ஒரு பட்டாளமே வந்திருந்தது. கறிச்சோறு சாப்பிட்டுக் குத்திவிட்டு மறுநாள் எல்லோரும் கிளம்பிவிட்டோம். அவர் சொற்ப ஓட்டில் ஜெயித்தார். கண்மாய் தூர்வாரப்படவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. அடுத்த ஐந்து வருடம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது என் அம்மாவும் அவர் பக்கத்து வீட்டுக்காரர்களும். அந்த ஊரில் குடியிருப்பவர்கள் வேண்டாம் என்றவரை, குடியில்லாத நாங்கள் வேண்டும் என்று உட்காரவைத்துவிட்டு வந்திருந்தோம். அம்மா இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வழக்கமான சமாதானங்கள்

1. "நாம விருந்தாளிங்க. அவங்க அரசியல் நமக்கெதுக்கு?"

விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். பதினோரு வருடம் யாரும் விருந்தாளி இல்லை. வெளியூர்க்காரர் என்பது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. கோழிக்கோட்டுக்காரரான வி.கே. கிருஷ்ண மேனனை 1971-இல் திருவனந்தபுரம் மக்களவைக்கு அனுப்பியது. அதற்கு முன் அவர் பம்பாயிலிருந்தும் வங்காளத்து மிதுனாப்பூரிலிருந்தும் எம்பியாக இருந்தவர். அதற்கெல்லாம் முந்திய கதைதான் நமக்கு வேண்டியது. லண்டனில் படிக்கவும் பிழைக்கவும் போன காலத்தில், செயின்ட் பாங்கரஸ் என்ற பகுதிக்கு 1934 முதல் 1947 வரை அவர் கவுன்சிலர். இந்திய விடுதலைக்காக அதே லண்டனில் நின்று கத்தியவர், அந்தத் தெருக்களின் நூலகத்துக்கும் கவலைப்பட்டார். அந்த நகரசபை பின்னாளில் அவருக்குக் கௌரவ உரிமை வழங்கியது. ஊர்ப்பாசத்துக்கும் இருக்கும் இடத்துக் கடமைக்கும் சண்டை கிடையாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2. "ஊர்ல பேரு போயிட்டா வீடு, நிலம் எல்லாம் பிரச்சனை ஆயிடும்."

ஆகாது. பட்டா வேறு, பத்திரம் வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. அமெரிக்காவில் இருப்பவர் அறந்தாங்கியில் நிலம் வைத்திருக்கிறாரே, அவர் பெயர் என்ன பட்டியலிலா இருக்கிறது?

3. "இங்கிருந்தே ஊருக்கு ஓட்டுப் போட மெஷின் வரப்போவுதாமே?"

2022 கடைசியில் அப்படி ஒரு மெஷினைத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஒரே மெஷினில் 72 தொகுதி வரை என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்தது, அது தேர்தலுக்கு வரவில்லை. இரண்டு மாதம் கரும்பு வெட்டப் போய்த் திரும்புகிறவருக்கு அது நியாயமான வசதிதான். குடும்பத்தோடு குடியேறிவிட்ட நமக்கு அது எதற்கு?

4. "நம்ம நாலு ஓட்டு என்னத்தக் கிழிக்கும்?"

2024-இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 16,077 ஓட்டு. நாம் எல்லோரும் ஒரே பக்கம் போடப்போவதில்லை, போடவும் கூடாது. ஆனால் பட்டியலில் இருக்கிறோம் என்று தெரிந்தால் எல்லாப் பக்கமும் நம் வாசலுக்கு வரும். எம்எல்ஏ ஓட்டு இன்னும் தூரம் போகும். கேரளத்தின் 9 மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது இந்த 140 எம்எல்ஏக்கள்தான். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இவர்கள் ஒவ்வொருவருக்கும் 152 ஓட்டு மதிப்பு.

சின்ன எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊர்ச் சட்டசபையிலேயே, தமிழர்களே எழுதிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். நாஞ்சில் நாட்டுத் தமிழர்களுக்கு மார்ஷல் நேசமணி முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1952 தேர்தலில் அவர்களுக்கு 8 இடம். அந்த ஆதரவில் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை ஓடியது. 1953-இல் ஆதரவை எடுத்தார்கள், மந்திரிசபை விழுந்தது. 1954 தேர்தலில் 117 இடத்தில் 12. பட்டம் தாணுப்பிள்ளை வெறும் 19 பேரைக் கையில் வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்க முதல்வர் ஆனார். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1955 பிப்ரவரியில் அந்த ஆட்சியும் சபையில் தோற்றது. எதிராக எழுந்த கைகளில் தமிழர்களின் கைகளும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு வந்தது.

அவர்கள் வந்தேறிகள் அல்ல, அந்த மண்ணின் ஜனங்கள். நம் நிலைமை வேறு, நம் கோரிக்கையும் வேறு. நாம் எல்லைக்கோட்டை மாற்றக் கேட்கவில்லை, ஓடைக்கு மூடி கேட்கிறோம். ஆனால் வழி ஒன்றுதான். அவர்கள் திருவனந்தபுரத்தில் கணக்கில் எடுக்கப்பட்டது, திருவனந்தபுரத்தில் முடிகிற ஓட்டு அவர்களிடம் இருந்ததால்.

பிழைக்க வந்தவர்கள் கதையே வேண்டுமென்றால் மூணாறைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேவிகுளம் தொகுதியில் வாக்காளர்கள். 2021-இல் அங்கே ஜெயித்த ஏ. ராஜா கேரள சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். உறுதிமொழி வாசகத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போய், திரும்ப ஒரு முறை எடுக்க வேண்டிவந்தது என்பது தனிக் காமெடி. இரண்டு தடவை தமிழ் கேட்டது அந்தச் சபை :-)

கடல் தாண்டி இருப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் இருப்பீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்தாலும் பாஸ்போர்ட் விலாசத்தில் வாக்காளர் ஆகலாம் என்று 2010-இல் சட்டம் திருத்தினார்கள், பிரிவு 20ஏ. ஆனால் நேரில் வந்துதான் போடவேண்டும். 2024-இல் நாடு முழுக்கப் பதிவு செய்தவர்கள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். அதில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் மலையாளிகள். ஓட்டுப் போட வந்தவர்கள் மொத்தமே 3 ஆயிரத்துக்கும் குறைவு. வளைகுடாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த நாடு உங்களைக் குடிமகன் ஆக்கப்போவதில்லை, அதனால் உங்களுக்கு இந்த 20ஏ ஒன்றுதான் கதி. விடாதீர்கள்.

லண்டன்காரர்கள் நிலைமை வேறு. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அங்கே முறைப்படி வசித்தாலே காமன்வெல்த் குடிமக்கள் என்ற கணக்கில் நாடாளுமன்றத் தேர்தல் வரை ஓட்டு உண்டு. எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இதை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். 2011-இல் ராதிகா சிற்சபைஈசன் கனடா நாடாளுமன்றத்துக்கும், 2024-இல் உமா குமாரன் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கும் போனது சும்மா இல்லை. அந்தந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் அந்தந்தத் தெருவில் ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டின் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால் மலையகத் தமிழர்களைக் கேளுங்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைச் சபைக்கு அனுப்பியவர்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம், 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தம். அடுத்த தேர்தலில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஓட்டே இல்லை. அதைத் திரும்ப வாங்க இரண்டு தலைமுறை ஆனது. கடைசிக் கணக்குகள் தீர 2003 வரை இழுத்தது. அவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். நம்மிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. நாமே மறந்துபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இனி என்ன செய்வது?

எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர் படிவம் 6. வேறு ஊரில் பெயர் இருந்து இங்கே மாற்ற வேண்டியவர் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே போடலாம். விலாசத்துக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பேங்க் பாஸ்புக் என்று ஏதாவது ஒன்று போதும். 18 வயது நிரம்பும் பிள்ளைகளுக்கு இப்போது வருடத்தில் நாலு தகுதி நாள்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகள்.

கேரளத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சட்டசபை, மக்களவைக்கான பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்தினுடையது. கார்ப்பரேஷன், பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் தானாக வந்துவிடாது. இரண்டிலும் பார்க்கவேண்டும். ஓடை மூடி இரண்டாவது பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

நானும் தங்கமணியும் படிவம் 6 போட்டுவிட்டோம். அப்பாவிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஓட்டு நாள் என்றால் திருவிழா மாதிரி. காலையிலேயே குளித்து, அப்பா சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போவோம். முதல் தடவை விரலில் மை வைத்துக்கொண்டு வந்தபோது அப்பா அதைக் கையில் பிடித்துப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அதை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப ஓட்டுக்கு வரமாட்ட."

"இல்லப்பா. இங்கதான்."

"சரி. வாசல்ல தண்ணி நிக்குதுன்னியே, அதக் கேளு முதல்ல" என்றார். பிறகு, "பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

டிஸ்கி: யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கே போடவேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். அடுத்த முறை நோட்டுப் புத்தகத்தோடு யாராவது உங்கள் வாசலுக்கு வந்து "இவிடெ வோட்டுண்டோ?" என்று கேட்டால், "உண்டு சேட்டா, மூணு" என்று சொல்லிப் பாருங்கள்.